ஆயில் மாற்றியும் ஸ்பேனர் விளக்கு அணையவில்லை என்றால்

காரின் ஆயிலையும் ஃபில்டரையும் நீங்களே மாற்றிவிட்டீர்கள். ஆனாலும் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் மீட்டரில் ஸ்பேனர் படம் வந்து நிற்கிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடுமா, ஸ்கேனர் வாங்க வேண்டுமா, அப்படியே விட்டால் இன்ஜினுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேட்டரியைத் தொட வேண்டாம். ஸ்கேனர் பெரும்பாலும் தேவைப்படாது. அப்படியே விட்டால் பெட்ரோல் காரில் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. சில டீசல் கார்களில் ஆகும், அதைப் பிறகு சொல்கிறேன். ரீசெட் செய்வது ஒரு நிமிட வேலை. ஆனால் அந்த விளக்கு எதைப் பார்த்து எரிகிறது என்று தெரியாமல் பட்டன்களை அழுத்திக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் போனதே தெரியாது.

பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு ஆயிலைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் பழைய ஆயிலை வடித்ததும், புதிய ஆயிலை ஊற்றியதும், ஃபில்டரை மாற்றியதும் காருக்குத் தெரியாது. நாட்காட்டியில் நாமே வட்டம் போட்டு வைத்த தேதி மாதிரிதான் அது. கடந்த முறை யாரோ ரீசெட் செய்த நாளிலிருந்து இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. கணக்கு முடிந்ததும் விளக்கு எரிகிறது. ஆயிலை மாற்றிவிட்டேன் என்று நீங்கள் சொன்னால்தான் புதுக் கணக்கு தொடங்கும். ரீசெட் என்பது அப்படிச் சொல்வதுதான். நீங்கள் சொல்வது உண்மையா என்று கார் சரிபார்க்காது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எரிவது சர்வீஸ் விளக்குதானா? ஸ்பேனர் படம், அல்லது சர்வீஸ், மெயின்டெனன்ஸ், ஆயில் சேஞ்ச் போன்ற எழுத்துகள், அல்லது மீதி கிலோமீட்டர் மைனஸில் காட்டுவது, இவையெல்லாம் நினைவூட்டல்கள். சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குவளை படம் எரிந்தால் அது நினைவூட்டல் அல்ல. இன்ஜினுக்குள் ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். ஆயில் மாற்றிய உடனே அந்த விளக்கு எரிந்தால் உடனே இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபில்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஆயில் ஊற்றினோமா, கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள். புதிய ஃபில்டர் நிரம்பும்வரை ஓரிரு வினாடி எரிந்து அணைவது சகஜம், அதற்கு மேல் நீடிக்கக் கூடாது. அதே குவளை மஞ்சள் நிறத்தில் வந்தால் பல கார்களில் ஆயில் அளவு குறைவு என்று பொருள். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு முற்றிலும் வேறு கதை, அது கோளாறு பதிவாகியிருப்பதைக் காட்டுவது. சில தயாரிப்பாளர்கள் ஸ்பேனர் படத்தையே கோளாறு எச்சரிக்கைக்கும் பயன்படுத்துகிறார்கள். அதனால் காரோடு வந்த கையேட்டில் விளக்குகள் பற்றிய பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

சரி, சர்வீஸ் விளக்குதான் என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு வகை இருக்கிறது.

ஒன்று வெறும் கணக்கு. தயாரிப்பாளர் வைத்த தூரமும் காலமும், எது முதலில் முடிகிறதோ அப்போது விளக்கு எரியும். நீங்கள் நெடுஞ்சாலையில் ஓட்டினாலும் நெரிசலில் ஊர்ந்தாலும் இதற்கு ஒன்றுதான். இந்த விளக்கு எப்போதும் ஆயிலைத்தான் குறிக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் விற்ற பல டொயோட்டா கார்களில் 5,000 மைலுக்கு ஒருமுறை மெயின்டெனன்ஸ் விளக்கு எரியும். 4,500 மைலிலிருந்தே கண்சிமிட்டத் தொடங்கிவிடும். ஆனால் அவற்றில் சின்தெடிக் ஆயில் போடும் மாடல்களுக்கு நிறுவனமே 10,000 மைல் வரை ஆயிலை அனுமதித்தது. இடையில் எரியும் விளக்கு டயரை இடம் மாற்றிப் போடவும் பொதுவாகச் சோதித்துப் பார்க்கவும்தான். விளக்கு எரிந்ததும் ஆயில் கெட்டுவிட்டது என்று பதறியவர்கள் நிறைய.

இன்னொன்று கணிப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் 1980களின் இறுதியிலேயே இதைக் கார்களில் கொண்டுவந்துவிட்டது. இன்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, ஆயில் எந்த வெப்பத்தில் இருந்தது என்பதை வைத்து ஆயில் ஆயுளைச் சதவீதமாகக் கணக்கிடுவார்கள். சூடேறுவதற்குள் அணைத்துவிடும் குட்டிப் பயணங்கள் ஆயிலுக்கு மோசம், ஏனென்றால் உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாக நேரம் கிடைக்காது. மிக அதிக வெப்பமும் மோசம். இரண்டுக்கும் நடுவில் சீரான வேகத்தில் நீண்ட தூரம் ஓடும் காருக்கு ஆயுள் மெதுவாகக் குறையும். ஹோண்டா கார்களில் 15 சதவீதத்துக்கு வந்ததும் ஸ்பேனர் எட்டிப் பார்க்கும், 5 சதவீதத்தில் உடனே செய் என்று கேட்கும், பூஜ்யத்தைத் தாண்டினால் எவ்வளவு கூடுதலாக ஓட்டிவிட்டீர்கள் என்பதையும் காட்டும். அதோடு எழுத்தும் எண்ணும் சேர்ந்து வரும். ஏ என்றால் ஆயில் மட்டும், பி என்றால் ஆயிலும் ஃபில்டரும் மற்ற சோதனைகளும். 1 டயர் இடமாற்றம், 2 காற்று ஃபில்டர் தொடர்பானவை, 3 கியர்பாக்ஸ் ஆயில், 4 ஸ்பார்க் பிளக் தொடர்பானவை, 5 கூலன்ட், 6 டிஃபரென்ஷியல் ஆயில், 7 பிரேக் ஆயில். பி ஒன்று என்று காட்டும்போது ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு மொத்தமாக ரீசெட் செய்தால், டயர் வேலையும் முடிந்தது என்று கார் நம்பிக்கொள்ளும்.

எவ்வளவு நுட்பமான கணிப்பாக இருந்தாலும் அது பொதுவாக ஆயில் அளவைப் பார்க்காது. 60 சதவீதம் ஆயுள் பாக்கி என்று மீட்டர் காட்டும்போதே, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் வறண்டு போயிருக்கலாம். ஆயில் குடிக்கும் பழைய இன்ஜின்களில் இது அடிக்கடி நடக்கும். அதேபோல, தயாரிப்பாளர் சொன்ன தரத்தில் ஆயில் ஊற்றுவீர்கள் என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறார்கள். மலிவான, தரம் குறைந்த ஆயிலை ஊற்றிவிட்டு ரீசெட் செய்தாலும் அதே 100 சதவீதம்தான் வரும். சில ஜெர்மன் கார்களில் ஆயிலின் தன்மையை அளக்கும் சென்சார் உண்டு. அவற்றிலும் சர்வீஸ் முடிந்தது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ரீசெட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவழித்து உங்கள் வேலையைச் சரிபாருங்கள். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்க சில நிமிடம் பொறுத்து, சமதளத்தில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில், மேல் குறிக்கு அருகில் இருக்க வேண்டும். பல இன்ஜின்களில் இந்த இரண்டு குறிகளுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு லிட்டர். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறுதான். வடிகால் போல்ட்டிலும் ஃபில்டர் ஓரத்திலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரை மாட்டிவிடுவது அனுபவசாலிகளுக்கும் நடக்கும். முதலில் ஒழுகாது, பிரஷர் ஏறியதும் மொத்தமும் கொட்டும்.

இப்போது ரீசெட். முறைகள் காருக்குக் கார் மாறும். ஆனால் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு, பெரும்பாலோர் தடுக்கி விழுவதும் அங்கேதான். இக்னிஷன் ஆன் நிலையில் இருக்க வேண்டும், இன்ஜின் ஓடக் கூடாது. ரேடியோ பாடுவதை வைத்து ஆன் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆக்சசரி நிலையாக இருக்கலாம். சாவி போடும் கார்களில் ஸ்டார்ட்டுக்கு முந்தைய நிலைதான் ஆன். பட்டன் ஸ்டார்ட் கார்களில், ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கையும், கியர் கார் என்றால் கிளட்ச்சையும் மிதிக்காமல் பட்டனை அழுத்த வேண்டும். பல ஜப்பானிய, கொரிய கார்களில் முதல் அழுத்தம் ஆக்சசரி, இரண்டாவது அழுத்தம் ஆன். சில கார்களில் ஒரே அழுத்தத்தில் ஆன் ஆகிவிடும். இன்னும் சிலவற்றில் பட்டனைச் சில வினாடி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சரியான நிலைக்கு வந்தீர்களா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜின் ஓடாமல் இருக்கும்போதே பேட்டரி விளக்கும் சிவப்பு ஆயில் விளக்கும் சேர்ந்து எரிந்தால், பெரும்பாலான கார்களில் அது ஆன்.

கதவுகளை மூடிக்கொள்ளுங்கள். கதவு திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை திரையை மறைத்துக்கொண்டு, பட்டன் அழுத்தத்தை அது விழுங்கிவிடும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரைப் பார்க்கிங்கில் அல்லது நியூட்ரலில் வையுங்கள்.

மீட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் ட்ரிப் பட்டன், அதாவது பயண தூரத்தைப் பூஜ்யமாக்கும் பட்டன், இருக்கும் பழைய தலைமுறைக் கார்களில் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான். இக்னிஷனை அணைத்து, அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஆன் செய்து, விடாமல் பிடித்திருக்க வேண்டும். பல டொயோட்டா கார்களில் முதலில் ஆன் செய்து திரையில் ட்ரிப் ஏ வரவைத்துக்கொண்டு அணைக்க வேண்டும். மொத்த தூரம் காட்டும் ஓடோமீட்டரோ ட்ரிப் பியோ இருந்தால் பல மாடல்களில் ரீசெட் ஆகாது. அப்புறம் பட்டனைப் பிடித்தபடி ஆன் செய்தால் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து கடைசியில் பூஜ்யங்கள் வரும், விளக்கும் அணையும். நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்து. பலர் இரண்டு வினாடி பிடித்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள், அந்தக் கோடுகள் மறையும்வரை பொறுமை வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துப் பழைய கார்களிலும் 0.0 பட்டனைப் பிடித்தபடி ஆன் செய்வதுதான். ஆயில் சர்வீஸை ரீசெட் செய்யவா என்று திரை கேட்கும்போது பட்டனை விட்டு, மறுபடி அழுத்தி உறுதி செய்ய வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்தக் கார்களில் சிலவற்றுக்கு ஓட்டும் முறைக்கேற்ப நீளும் சர்வீஸ் இடைவெளி இருக்கும், அதிகபட்சம் 30,000 கி.மீ. அல்லது இரண்டு ஆண்டு வரை. மீட்டர் வழியாக நீங்களே ரீசெட் செய்தால் அது நிலையான குறுகிய இடைவெளிக்கு மாறிவிடும் என்று அவர்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். நீளும் இடைவெளி திரும்ப வேண்டும் என்றால் சர்வீஸ் சென்டரின் கருவி அல்லது அந்த நிறுவனத்துக்கான ஸ்கேனர் வேண்டும். என்னைக் கேட்டால் குறுகிய இடைவெளியே மேல். அடுத்த விளக்கு சீக்கிரம் வந்துவிட்டதே என்று குழம்பாமல் இருக்கத்தான் இதைச் சொல்கிறேன்.

ஹோண்டாவின் பழைய மீட்டர்களில் ஆயில் ஆயுள் சதவீதம் தெரியும்வரை பட்டனைத் தட்டி, பிறகு 10 வினாடிக்கு மேல் பிடித்தால் எண் கண்சிமிட ஆரம்பிக்கும். விட்டுவிட்டு மறுபடி 5 வினாடிக்கு மேல் பிடித்தால் 100 ஆகிவிடும்.

பெடலால் ரீசெட் செய்யும் கார்களும் இருக்கின்றன. முதல்முறை கேட்பவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் பல மாடல்களில் ஆன் நிலையில், இன்ஜின் ஓடாமல், ஆக்சிலரேட்டரை 5 வினாடிக்குள் மூன்று முறை முழுக்க மிதித்து விட வேண்டும். கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களிலும் மூன்று முறைதான். ஆனால் அவசரமில்லாமல், 10 வினாடிக்குள். சில ஃபோர்டு மாடல்களில் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேர்த்துச் சுமார் 20 முதல் 25 வினாடி மிதித்துப் பிடிக்க வேண்டும். மூன்று முறை என்றால் மூன்று முறையும் தரையைத் தொடும்வரை மிதிக்க வேண்டும். தரைவிரிப்பு மடங்கிப் பெடலைத் தடுத்தால் முழு மிதி என்று கார் ஏற்காது. இன்ஜின் ஓடும்போது தப்பித்தவறியும் இதைச் செய்து பார்க்காதீர்கள். புது ஆயிலோடு இன்ஜின் அலறும், கியர் மட்டும் விழுந்திருந்தால் எதிரே சுவர் இருக்கும்.

இப்போதைய கார்களில் எல்லாம் மெனுதான். ஸ்டியரிங் பட்டன் வழியாகவோ தொடுதிரையிலோ செட்டிங்ஸ், வாகனம், சர்வீஸ் அல்லது மெயின்டெனன்ஸ் என்று போனால் ரீசெட் இருக்கும். ஹூண்டாய், கியா, நிசான், மஸ்டா கார்களில் பெரும்பாலும் இப்படித்தான். ஹூண்டாய், கியாவில் சர்வீஸ் இன்டர்வெல் என்ற மெனுவுக்குள் இடைவெளியை நாமே வைக்கலாம். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். தூசியிலும் நெரிசலிலும் ஓடும் காருக்குக் கையேடு கடினப் பயன்பாடு என்று தனியாக ஒரு குறுகிய இடைவெளி சொல்லியிருக்கும், அந்த எண்ணை இங்கே போட்டுவிடலாம். ஓகே பட்டனை ஒருமுறை தட்டினால் போதாது, பல மெனுக்களில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கார் நகரும்போது இந்த மெனு மங்கிக் கிடக்கும், நிறுத்தினால்தான் திறக்கும்.

பிஎம்டபிள்யூவின் சர்வீஸ் பட்டியல் தனி ரகம். ஆயில், முன் பிரேக், பின் பிரேக், பிரேக் ஆயில், பொதுச் சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. மீட்டரில் இருக்கும் பட்டனைப் பிடித்தால் பட்டியல் வரும், தட்டித் தட்டி ஆயிலுக்குப் போய், மறுபடி பிடித்து, ரீசெட் செய்யவா என்று கேட்டதும் இன்னொரு முறை பிடிக்க வேண்டும். காரின் தேதி சரியாக வைக்கப்பட்டிருக்க வேண்டும். பேட்டரி மாற்றிய பின் தேதி பழைய வருடத்தில் நின்றால், காலக் கணக்குள்ள எல்லா வேலையும் தப்பாகிவிடும்.

எந்தக் காராக இருந்தாலும் மாடல் வருடம் பார்த்து கையேட்டில் உள்ள முறையைப் பின்பற்றுங்கள். ஒரே பெயரில் வரும் காருக்கே புது மீட்டர் வந்தால் முறை மாறிவிடும். அச்சுப் புத்தகம் தொலைந்திருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இலவசமாகக் கொடுக்கின்றன. வீடியோவில் ஒருவர் செய்து காட்டினார் என்றால், அவருடைய மீட்டரும் உங்கள் மீட்டரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள்.

ரீசெட் செய்தாகிவிட்டது, மறுநாள் விளக்கு மறுபடி எரிகிறது. என்ன காரணம்? பெரும்பாலும் ரீசெட் ஏறவே இல்லை. இக்னிஷன் நிலை தப்பு, அல்லது பட்டனைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கையேடும் ஸ்டார்ட் செய்ததும் செய்தி திரும்ப வந்தால் மறுபடி செய் என்றுதான் சொல்கிறது. இல்லையென்றால் தவறான கணக்கை ரீசெட் செய்திருப்பீர்கள். ஆயிலுக்குப் பதில் சோதனை, சோதனைக்குப் பதில் ஆயில். திரையில் அடுத்த சர்வீஸுக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஆயில் கணக்கு முழுதாகத் திரும்பியிருந்தும் ஸ்பேனர் நிற்கிறது என்றால் வேறொரு வேலைக்குக் காலம் வந்திருக்கிறது. பிரேக் ஆயில் பெரும்பாலும் காலக் கணக்கில் இருக்கும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வரும். மொபைல் ஆப்பில் மட்டும் பழைய செய்தி நின்றால் கவலை வேண்டாம், கார் மறுபடி இணைப்பில் தகவல் அனுப்பியதும் பல நேரங்களில் சரியாகிவிடும். சர்வீஸ் சென்டரின் குறுஞ்செய்தி அவர்களுடைய கணினியின் கணக்கு. நீங்கள் மீட்டரில் என்ன செய்தாலும் அது வந்துகொண்டுதான் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றும் யோசனைக்கு வருவோம். சர்வீஸ் கணக்கு, ஓடோமீட்டரைப் போலவே மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம், ரேடியோ நிலையங்கள், கண்ணாடி மேலேறும் அளவு என்று அழியக் கூடாதவை எல்லாம் அழியும், சில கார்களில் ரேடியோ ரகசிய எண்ணைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், அழிய வேண்டியது மட்டும் அழியாது. 1980களின் பிஎம்டபிள்யூ கார்களில் மீட்டருக்குள் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கும். ஆயில் தேயத் தேயப் பச்சை ஒவ்வொன்றாகக் குறையும். அந்தப் பலகையிலேயே குட்டி ரீசார்ஜ் பேட்டரிகள் இருந்தன, அவை செத்துப்போனால் சர்வீஸ் விளக்குகள் தாறுமாறாக எரியும். அவற்றை ரீசெட் செய்ய இன்ஜின் அறையில் இருந்த சாக்கெட்டில் தனிக் கருவியைச் செருக வேண்டியிருந்தது. உங்கள் காருக்கு அந்தப் பாடு இல்லை.

ஸ்கேனர் விஷயத்திலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கடையில் கிடைக்கும் மலிவான ஓபிடி கருவி, அதாவது காரின் கணினியோடு இணைக்கும் சாதாரண ஸ்கேனர், எல்லாக் கார்களுக்கும் பொதுவான புகை தொடர்பான கோளாறுகளைப் படிக்கவும் அழிக்கவும் வல்லது. சர்வீஸ் நினைவூட்டல் அந்தப் பொது மொழியில் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் மீட்டருக்குள் தனி முறையில் வைத்திருக்கிறது. அதனால் அந்தக் கருவியில் கோளாறு இல்லை என்று வரும், ஸ்பேனர் அப்படியே நிற்கும். அழி என்ற பட்டனை அழுத்திப் பார்ப்போமே என்று தோன்றும், வேண்டாம். ஏற்கெனவே பதிவான கோளாறு ஏதாவது இருந்தால் அதன் தடயமும், புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் முடிந்த பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். அந்தச் சோதனைகளைக் கார் மறுபடி முடிக்கச் சில நாள் ஓட்டம் தேவைப்படும். அதற்குள் புகைப் பரிசோதனைக்குப் போனால் பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள். மெனுவிலும் பட்டனிலும் வழியே இல்லாத கார் என்றால் மட்டும், ஆயில் ரீசெட் என்று தெளிவாகக் குறிப்பிட்டு உங்கள் மாடலையும் பட்டியலில் வைத்திருக்கும் கருவியை வாங்குங்கள். ஒரே ஒரு முறைக்கு என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம், இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்.

இப்போது டீசல். துகள் வடிகட்டி உள்ள டீசல் கார்களில், அடைந்த புகைக்கரியை எரிக்க இடையிடையே கூடுதல் டீசல் பாய்ச்சப்படும். அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். எவ்வளவு கலந்திருக்கும் என்று சில கார்களில் இன்ஜின் கணினியே கணக்கு வைத்திருக்கிறது. ஆயில் மாற்றிவிட்டு மீட்டரின் ஸ்பேனரை மட்டும் ரீசெட் செய்தால் இந்தக் கணக்கு பழைய ஆயிலின் கணக்காகவே தொடரலாம். பிறகு ஒருநாள் புத்தம்புது ஆயிலை வைத்துக்கொண்டே ஆயில் கெட்டுவிட்டது என்று எச்சரிக்கை வரும், சில மாடல்களில் வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளவும் செய்யும். அதனால் டீசல் என்றால் கையேட்டில் ஆயில் தகவல் ரீசெட் என்று தனியாக ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொன்று, டீசல் காரில் டிப்ஸ்டிக் அளவு தானாக ஏறிக்கொண்டே போனால் ஆயில் பெருகவில்லை, டீசல் கலக்கிறது. விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

ஹைப்ரிட் காரில் இன்ஜின் பாதி நேரம் தூங்குவதால் தூரக் கணக்கு ஏமாற்றும். அவற்றில் வருடக் கணக்கை விடாதீர்கள். முழு மின்சாரக் காருக்கு இன்ஜின் ஆயிலே இல்லை, ஆனாலும் சர்வீஸ் நினைவூட்டல் வரும், ரீசெட் முறையும் அதே மெனுதான்.

சிலருக்கு எதிர்ப்பக்கச் சிக்கல் வரும். மெனுவில் விளையாடும்போது ஆயில் மாற்றாமலேயே ரீசெட் ஆகிவிட்டது. பழைய எண்ணைத் திரும்ப வைக்கப் பெரும்பாலான கார்களில் வழி இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கையேடுகள் இதற்கு, தவறுதலாக ரீசெட் ஆனால் கடைசியாக ஆயில் மாற்றியதிலிருந்து 5,000 கி.மீ.க்குள் மாற்றிவிடு என்று சொல்கின்றன. மற்ற கார்களுக்கும் அதே போக்கில் போகலாம். அல்லது கடைசி பில்லில் இருக்கும் ஓடோமீட்டர் எண்ணோடு கையேடு சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்த எண்ணை எழுதி ஒட்டிவிட்டு விளக்கை மறந்துவிடுங்கள். ஆயில் மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் போதும். தேதி, ஓடோமீட்டர், ஆயிலின் தரம், இந்த மூன்றும் இருந்தால் எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

வாரன்டி இருக்கும் கார் என்றால் ரீசெட் செய்தது சர்வீஸ் செய்ததற்கு ஆதாரம் ஆகாது. மீட்டரின் கணக்கும் நிறுவனத்தின் சர்வீஸ் பதிவும் வேறு வேறு. நீங்களே ஆயில் மாற்றினால் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய பில்லை எடுத்து வையுங்கள், டப்பாவில் உள்ள தரக் குறியீட்டையும் ஓடோமீட்டரையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கப் போகும்போதும் இதையே திருப்பிப் பயன்படுத்தலாம். இடைவெளி 10,000 கி.மீ. இருக்கும் காரில் அடுத்த சர்வீஸுக்கு 9,800 கி.மீ. என்று காட்டினால், 200 கி.மீ. முன்னால் யாரோ ரீசெட் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் உறுதி. அந்த ஓடோமீட்டர் எண்ணுக்குப் பொருந்தும் பில்லைக் கேளுங்கள். அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பெட்ரோல் காரில் 200 கி.மீ. ஓடிய ஆயில் இன்னும் தேன் நிறத்தில் இருக்கும். தார் போல இருந்தால் விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். டீசல் காரில் இந்தச் சோதனை பலிக்காது, அங்கே புது ஆயிலும் சீக்கிரமே கறுத்துவிடும், பில்தான் ஒரே வழி.